காட்டிய மீனும் கொடுத்த மீனும்

1. முதல் நாள், ஒரு ட்ரே

ஓட்டலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் ருசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது கால்வலி. இருபத்தாறு வருஷம் நின்றே பிழைத்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு ஏசி ரெஸ்டாரண்டில் கேப்டன். கேப்டன் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வருகிறவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, ஆர்டர் எடுத்து, சர்வர்களை ஏவி, திட்டினால் வாங்கிக்கொண்டு, கடைசிவரை சிரித்த முகமாக நிற்கிறவன். அவ்வளவுதான்.

அந்த ரெஸ்டாரண்ட் வரும்வரை எங்கள் பக்கத்து ஆட்கள் நல்ல இடத்தில் சாப்பிட வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போவார்கள். இது வந்தபிறகு காட்டாக்கடையிலிருந்தும் பொழியூரிலிருந்தும் இங்கே வர ஆரம்பித்தார்கள். பெண் பார்ப்பது, ஞானஸ்நான விருந்து, வெளிநாடு போகும் நர்ஸ் பிள்ளைகளை வழியனுப்புவது எல்லாம் எங்கள் மேஜைகளில்தான் நடந்தன.

முதல் நாள் காலை நான் மெனு கார்டை மனப்பாடம் செய்துகொண்டு நின்றேன். எர்ணாகுளத்தில் ஓட்டல் படிப்புப் படித்துவிட்டு வந்த மேனேஜர், கார்டை வாங்கி வைத்துவிட்டு என் கையில் ஒரு ஸ்டீல் ட்ரேயைக் கொடுத்தார். வாழையிலை விரித்து, உடைத்த ஐஸ் பரப்பி, அதன்மேல் செம்பல்லி, ஆவோலி மீன்கள், இரண்டு பெரிய கொஞ்சு இறால். ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம். இதை மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கஸ்டமர் எந்த மீனைத் தொடுகிறாரோ அதுதான் அவருக்கு வாழையிலையில் பொதிந்து பொள்ளித்தோ வறுத்தோ வரும். இந்த ரெஸ்டாரண்டின் பெருமையே அதுதான் என்றார்.

முதல் மேஜையில் ஒருவர் ஆவோலியைத் தொட்டார். நான் ட்ரேயோடு கிச்சனுக்குள் போய் அந்த ஆவோலியை எடுத்து ஷெஃப்பிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி மறுபடியும் ஐஸில் படுக்க வைத்தார். பிறகு ஃப்ரீசரைத் திறந்து வேறொரு ஆவோலியை எடுத்தார்.

“அது காட்டுக மீனாக்கும் அண்ணா. இது கொடுக்குக மீன்.”

நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். காலையில் விழிஞ்ஞத்திலிருந்து வருகிற நல்ல மீன் அன்று முழுவதும் ட்ரேயில் இருக்கும். ராத்திரி ஃப்ரீசருக்குப் போகும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ யாருக்காவது கொடுக்கப்படும். இன்று காட்டுகிற மீன் நாளைக்குக் கொடுக்கிற மீன். கெட்டுப்போன மீன் ஒன்றும் இல்லை, ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கும் போதுமானதாக இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொன்னதை நான் கிச்சனுக்கும் பொருத்திக்கொண்டேன்.

2. குன்னத்துகால்காரர்

எல்லாக் கஸ்டமரும் ஏமாறுவார்கள் என்று சொல்ல முடியாது. குன்னத்துகாலில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை வருவார். வெள்ளை நாப்கினை மடியில் விரிக்கச் சொன்னால், வேட்டியே வெள்ளைதானே, அதற்குமேல் இன்னொரு வெள்ளை எதற்கு என்று கேட்பார். மீன் ட்ரேயைக் கொண்டுபோனால் பார்க்கவே மாட்டார்.

“பெண்ணு பாக்கப் போனா அக்காளக் காட்டி தங்கச்சியக் கெட்டி வைப்பான். நீ எனக்கு மீனக் காட்டாண்டாம். சோறும் மோரும் கொண்டா.”

நான் அதைச் சர்வர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஷெஃப்கூடச் சிரித்தார். இப்போது யோசித்தால், அந்த ஹாலில் எங்கள் குட்டு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தும் வந்துகொண்டிருந்தார். மோர் நன்றாக இருக்கும்.

3. லாரன்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை பெருமழை. லைன்மேல் மரம் விழுந்து பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதில் ஹால் ஏசியும் விளக்குகளும்தான் ஓடும். கஸ்டமர் உட்காரும் இடம் குளிர்ந்திருந்தது. கிச்சன் ஃப்ரீசர் சும்மா நின்றது. ராத்திரி கரண்ட் வந்தது. காலையில் மீன் மறுபடியும் கல்லாக உறைந்திருந்தது. அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்றார் ஷெஃப்.

அன்று மத்தியானம் எட்டுப் பேர் வந்தார்கள். விருந்து கொடுப்பவர் லாரன்ஸ், பொழியூர்க்காரர், தூண்டில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். புதுச் சட்டை; மடிப்புகூடக் கலையவில்லை. அவருடைய மகள் ஜெஸ்பின் நர்ஸ். கூட வேலை பார்க்கும் பையனை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். பையனின் அம்மா நெய்யாற்றின்கரையில் ரிட்டையர்டு டீச்சர். கல்யாணத் தேதி குறிக்கத்தான் அந்தச் சாப்பாடு.

டீச்சருக்கு இந்தச் சம்பந்தத்தில் முழு மனசு இல்லை என்பது எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. ஹாலில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும். லாரன்ஸ் சத்தமாகப் பேசும்போதெல்லாம் அவர் ஸ்பூனை டிஷ்யூவால் துடைத்தார். எங்கள் பக்கத்தில் கடப்புறம், கடற்கரை ஆட்கள் என்றால் உள்நாட்டுக்காரர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. ஒரே மாதா கோயில், ஒரே பூசை, இருந்தாலும் உண்டு.

ட்ரேயைக் கொண்டுபோனேன். லாரன்ஸின் முகமே மாறிவிட்டது. அதுவரை கத்தியையும் ஃபோர்க்கையும் பார்த்துப் பம்மி உட்கார்ந்திருந்த மனிதர், எழுந்து நின்று செம்பல்லியின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வாயோரத்தை விரலால் தொட்டார்.

“டீச்சர், இஞ்ச பாருங்க. வாய்க்கோணத்துல தூண்டல் கிழிச்ச பாடு உண்டு. வலையில கெடந்து நசுங்கின மீனில்ல. இண்ணு விடியக்காலம் கரை ஏறினதாக்கும். நம்பித் தின்னலாம்.”

கண் எப்படி இருக்க வேண்டும், செவுள் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பதுபோல் சொன்னார். டீச்சர் குனிந்து பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். இனிமேல் சந்தைக்குப் போகும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்போல என்றார். மேஜையே இளகிவிட்டது. ஜெஸ்பின் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. லாரன்ஸ் என்னிடம், மீன் தலையோடு முழுசாக வர வேண்டும், தலை டீச்சருக்கு என்றார். அவர்கள் கரையில் பெரிய மீனின் தலை வந்த விருந்தாளிக்குத்தான் போகும்.

நான் கிச்சனுக்குப் போய் இன்று ஒரு மேஜைக்கு மட்டும் காட்டிய மீனையே கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. ஷெஃப் மேனேஜரைக் கைகாட்டினார். முதலாளியின் ஆட்கள் நாலு மணிக்கு வருகிறார்கள், ட்ரேயில் மீன் இருந்தாக வேண்டும் என்றார் மேனேஜர். நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையிலிருந்து நின்று கணுக்கால் வீங்கியிருந்தது. சண்டை போடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

ஃப்ரீசரிலிருந்த செம்பல்லி மசாலா பூசிக்கொண்டு வாழையிலைக்குள் வெந்து வந்தது. நானே கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் தட்டை முன்னால் நகர்த்தி வைத்துக் காத்திருந்தார்.

லாரன்ஸ் இலையைப் பிரித்தார். மசாலாவை விலக்கி வாயோரத்தை விரலால் தடவினார். ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

“அண்ணா, இது நான் தொட்ட மீனாக்குமா?”

“ஆமா சார். அதுதான்.”

அவர் விரலை இலையோரத்தில் துடைத்தார். மகளைப் பார்த்தார். டீச்சரின் தட்டைப் பார்த்தார். அப்புறம் மீன் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

“இது எனக்காக்கும். நீங்க எல்லாரும் கோழி எடுங்க.”

எல்லோரும் விளையாட்டு என்று நினைத்தார்கள். அவர் தலையைப் பிய்த்துத் தன் தட்டில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தபோதுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. பையன் கை நீட்டினான். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். ஜெஸ்பின் மெதுவாக “அப்பா” என்றாள். அவர் வாய் நிறைய மீனோடு, கடலில் கிடக்கிறவனுக்கு மீனைக் கண்டால் பொறுக்காது என்று சொல்லிச் சிரித்தார். முள்ளை மட்டும் விட்டு முழு மீனையும் ஒருத்தரே தின்று முடித்தார். டீச்சர் காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடியும் ஸ்பூனைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் தண்ணீர் ஜக்கோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. மீனைத் திருப்பி அனுப்பியிருந்தால் நான் மறுத்திருப்பேன். மேனேஜர் வந்திருப்பார். மகளின் தேதி குறிக்கிற நாளில் கடப்புறத்து ஆள் ஏசி ஓட்டலில் சண்டை பிடித்தான் என்று பேச்சாகியிருக்கும். பேசாமல் பரிமாறினால் டீச்சர் அதைத் தின்றிருப்பார். தான் வாக்குக் கொடுத்த மீன். அதனால் கொதியன், தின்ன அலைகிறவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று முடிவு செய்துவிட்டார்.

கை கழுவ வந்தார். நான் டிஷ்யூவோடு போய் நின்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“உருகி ரெண்டாம் மட்டம் உறைஞ்ச மீனாக்கும் அது. வயசானவிய தின்னப்பிடாது. எனக்கு ஒண்ணும் ஆவாது.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நீங்க சம்பளத்துக்கு நிக்குத ஆளு. எனக்குத் தெரியும்.”

அவர்கள் போனபிறகு நான் ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைமேல் போய் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அதை அழகாக்க முடியாது.

4. நூல்

அடுத்த வாரம் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மனைவி பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் எப்போதும் வெள்ளை நூல் கிடக்கும். அதில் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கஸ்டமர் எந்த மீனைத் தொடுகிறாரோ அதன் வாலில் அவர் கண்முன்னாலேயே நூலைக் கட்டினேன். இலையைப் பிரிக்கும்போது அந்த நூல் வாலில் இருக்கும் என்று சொன்னேன்.

மேனேஜர் கண்டிப்பாகத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கஸ்டமர்களுக்குப் பிடித்திருந்தது. போட்டோ எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது மெனு கார்டிலேயே ஏறிவிட்டது. கட்டிய மீனையே கொடுத்தோம். காலையில் மீன் கூடுதலாக வாங்கினார்கள். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன்.

ஒரு நாள் ஒரு மேஜையில் இலையைப் பிரித்தார்கள். வாலில் நூல் இருந்தது. ஆனால் அது என் முடிச்சு இல்லை. நான் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிவேன். இது ஒரு சுற்று, தொளதொளவென்று இருந்தது. கிச்சனில் போய்ப் பார்த்தேன். ஷெஃப் மேஜைமேல் ஒரு நூல்கண்டு, கத்தரிக்கோல். காட்டுகிற மீன் ஐஸில் சுகமாகப் படுத்திருந்தது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று கேட்டுக்கொண்டிருக்கிற வயதைத் தாண்டிவிட்டேன். அதற்குப் பிறகும் நூல் கட்டினேன். கை தன்பாட்டுக்குக் கட்டியது.

5. மறுபடியும் அதே மேஜை

லாரன்ஸ் கடைசியாக வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வருஷம் கழித்து. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்தார்கள். இந்த முறை விருந்து டீச்சர் வீட்டுச் செலவு. டீச்சரின் தம்பி குடும்பம், சொந்தக்காரர்கள் என்று பன்னிரண்டு பேர். லாரன்ஸ் மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் ட்ரேயோடு அந்தக் கோடியிலிருந்துதான் ஆரம்பித்தேன். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மீன அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க. லாரன்ஸ் கையில கிட்டினா நமக்கு முள்ளுகூட மிஞ்சாது.”

எல்லோரும் சிரித்தார்கள். கதை தெரியாமல் சிரித்தவர் ஒருவரும் இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொரு விருந்திலும் இந்தக் கதை ஓடியிருக்கிறது. லாரன்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஜெஸ்பின் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையின் காலுறையைச் சரி செய்தாள். அவளுக்கும் அப்பாவை நினைத்து நாணக்கேடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மேனேஜர் பில் கவுண்டரில் நின்றிருந்தார். பத்தடி தூரம்கூட இருக்காது. நான் ட்ரேயை மேஜையிலேயே வைத்தேன்.

“டீச்சர், அண்ணைக்கு இவரு கொதியில தின்னதில்ல. நான் காட்டினது ஒரு மீன், கொண்டு வச்சது வேற மீன். கரண்டு போயி ஃப்ரீசர்ல நாசமான மீனாக்கும். இவருக்குத் தொட்டதும் தெரிஞ்சு போச்சு. எங்கிட்ட கேட்டாரு. நான் பொய் சொன்னேன். உங்க வாயில அது போகப்பிடாதுண்ணுதான் ஒத்தைக்கு இருந்து தின்னாரு.”

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. லாரன்ஸைப் பார்த்தார். நிஜமா என்று கேட்டார். லாரன்ஸ் சங்கடப்பட்டுக்கொண்டு, பழைய கதை, மீன் அவ்வளவு மோசமில்லை என்றார்.

டீச்சர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். “தலை எனக்குண்ணு சொல்லிட்டுத் தராம இருந்தீங்க,” என்றார். “நம்மள மதிக்கல்லண்ணு நெனச்சேன். இந்நாள்வரைக்கும் அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்.” ஜெஸ்பின் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். லாரன்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மேனேஜர் வேகமாக வந்துகொண்டிருந்தார். லாரன்ஸ் தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இரிங்க அண்ணா. காலு வீங்கியிருக்குல்லா.”

நான் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு இழுத்துப் போட்ட நாற்காலி. அதன் மெத்தை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்திருக்க மனம் வரவில்லை. உட்கார்ந்தபடியே கேப்டன் போடும் கருப்புக் கோட்டைக் கழற்றி மடித்து அவரிடம் கொடுத்தேன். அதுதான் என் கடைசி நாள்.

கேட்டரிங் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் நல்ல விஷயம் ஏதாவது சொல்லச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். கொடுக்க முடியாத மீனைக் காட்டாதீர்கள். கிச்சனில் நாம் செய்கிற தப்பு கிச்சனோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது மேஜைக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர் அதைத் தின்றுவிட்டு, நம் பங்குக்கும் சேர்த்துப் பழி சுமக்கிறார். நாம் ஜக்கோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

அன்று அந்த மேஜையில் யாரும் மீன் கேட்கவில்லை. கோழி வந்தது. சர்வர் எனக்கும் ஒரு தட்டு வைத்தான். டீச்சர் முதல் துண்டை எடுத்து லாரன்ஸின் தட்டில் வைத்தார்.